தாழ்வுபாட்டுக் கரையில் அறுபத்திரண்டு படங்கள்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வவுனியா பஸ் நிலையத்தில் மன்னார் மினிபஸ்ஸில் ஏறினேன். பிரயாணச் சீட்டு நூற்றைம்பது ரூபா. எண்பது கிலோமீற்றர் தூரத்துக்கு இது சரியான விலையா என்று நடத்துநரிடம் கேட்டேன். அவர் பின் சீட்டுக்குப் போய்விட்டார். என்னால் எதையும் இரண்டாம் முறை கேட்காமல் விட முடியாது. இதற்காக வீட்டிலும் கந்தோரிலும் நல்ல பெயர் இல்லை.

நான் போனது ஒரு வேலையைப் படிக்க. மன்னாரில் சித்திர ஆசிரியையாக இருக்கும் ஜெனிற்றா, ஓர் இடத்தைப் பல இடங்களில் நின்று படம் எடுத்து, அந்தப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி, ஒரே பெரிய படமாக ஒட்டுவார். வவுனியாவில் நடந்த ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்தேன். ஒரு சந்தைக்கடையை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கல்லாவுக்கு உள்ளேயிருந்தும் ஒரே நேரத்தில் காட்டியிருந்தார். கடைக்காரருக்கு மூன்று தலை, ஐந்து கை. அரை மணி நேரம் அதற்கு முன்னால் நின்றேன். இது பொய் என்று மனம் சொன்னது, கண் விலக மறுத்தது. படிக்க வரலாமா என்று கேட்டேன். ‘மூன்று நாள் போதும், காசு வேண்டாம், வாங்கோ’ என்றார். காசு வேண்டாம் என்றதும் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தனியார் நில அளவையாளரிடம் பத்தொன்பது வருடமாகப் படம் வரைகிறேன். அவர் வெளியே போய் அளந்து குறிப்புக் கொண்டுவருவார், நான் மேசையிலிருந்து வரைவேன். மேலேயிருந்து பார்ப்பதுபோல ஒரே பார்வை, ஒரே அளவுத்திட்டம், வடக்கு மேலே. ஒரு பொருள் இரண்டு இடத்தில் நிற்க எங்கள் தொழிலில் இடமில்லை.

ஒன்பதேகாலுக்குப் பாலத்தைக் கடந்தோம். இரு பக்கமும் ஆழமில்லாத கடல், நடுவில் நேரான வீதி, காற்று ஜன்னல் வழியாக உப்பைக் கொண்டுவந்தது. பஸ் நிலையத்துக்கு முன்னால் ஐந்தாறு கழுதைகள் பாதையை விடாமல் நின்றன. ஓட்டோ சாரதி நஸீர் ஜெனிற்றாவின் வீட்டுக்கு இருநூறு கேட்டார்.

“படம் எடுக்கிற ஆளோ?” என்று என் கழுத்தில் தொங்கிய கமராவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஓம்.”

“எதுக்கு எடுக்கிறீங்க?”

“சும்மா, படிக்க.”

“சும்மா ஒருத்தரும் எடுக்கிறேல்ல, அண்ணே,” என்றார்.

ஜெனிற்றாவுக்கு நாற்பது வயது இருக்கும். சிரித்தபடியே கண்டிப்பாகப் பேசுபவர். வந்த களைப்பு ஆறுமுன் என்னை முற்றத்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். கிணற்றைச் சுற்றி நடந்து, நின்று நின்று எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தின் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கிட்டப் பார்க்க ஆசை வந்தால் லென்ஸைத் திருகக் கூடாது, காலால் கிட்டப் போக வேண்டும். பதினான்கு படம் எடுத்தேன். வீட்டிலிருந்த சிறிய இயந்திரத்தில் அவற்றை அஞ்சலட்டை அளவில் அச்சடித்து மேசையில் பரப்பினார்.

நான் பையிலிருந்து கோடு போடும் அடிமட்டத்தை எடுத்தேன். கிணற்றுக் கட்டின் கோடு படத்துக்குப் படம் பொருந்தும்படி வைக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் பொருந்தினால் மறு பக்கம் விலகியது. முக்கால் மணி நேரம் வியர்த்து வழிந்தது.

“அதை இஞ்ச தாங்கோ,” என்று ஜெனிற்றா அடிமட்டத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “பொருந்தாது. நீங்கள் நடந்தனியள் எல்லோ? நடந்தவன்ர கண்ணுக்கு எப்பிடி ஒரு கோடு ஒரே நேர்கோடாத் தெரியும்? விலகினால் விலகட்டும்.”

“அப்ப எது சரியான கிணறு, ரீச்சர்?”

“எல்லாம்.”

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அடுத்த நாள் திட்டத்தைச் சொன்னார். தாழ்வுபாட்டுக் கரையில் அவருக்குத் தெரிந்த பிலோமினா என்ற பெண் கருவாட்டு வாடி வைத்திருக்கிறார். மீனை வெட்டி, உப்பிட்டு, காயவைக்கும் கொட்டில் அது. அங்கே போய் எடுக்கலாம். ஆனால் ஒன்று. அந்தக் கரைத்துண்டை ஹொட்டேல் கட்ட ஒரு கம்பனி கேட்டிருக்கிறது. இரண்டு பேர் வந்து ஒரேயொரு படம் எடுத்துப் போய், ‘யாரும் பாவிக்காத வெறுங்காணி’ என்று காணிக் கந்தோரில் மனுவோடு கொடுத்திருக்கிறார்கள். வரும் புதன்கிழமை பிலோமினா அந்தக் கந்தோருக்குப் போய் அப்படியில்லை என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வாடியைக் கழற்ற வேண்டியதுதான்.

“அதால, நில அளவையில இருக்கிறன் எண்டு மட்டும் அங்க சொல்லிப்போடாதேங்கோ. ஸ்டூடியோ வச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”

இரவு படுத்தபடி யோசித்தேன். காசு வேண்டாம் என்றது இதற்குத்தானா? படிக்க வந்தவனை ஒரு வழக்குக்குப் படம் எடுப்பவனாக்கப் பார்க்கிறாரா? காலையில் முதல் பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தக் கிணறு மட்டும் என்னை விடவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாழ்வுபாட்டில் இருந்தோம். நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். மாசி மாதம், கடல் குளம்போலக் கிடந்தது. வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்குப் போயிருந்தன. மணலும் மூன்று பனையும் தண்ணீரும்தான் கண்ணில் பட்டன. திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் வாடி, வரிசையாகக் கம்புகளில் கட்டிய வலைப் பந்தல்கள், அவற்றின்மேல் பிளந்த மீன். கம்பனிக்காரர் எங்கே நின்றார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது. வாடிக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார்கள், அதுவும் இதே நேரத்தில்.

பிலோமினாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் கத்தி, முழங்கைவரை செதில். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி என்ன வேலை?”

“ஸ்டூடியோ.”

“எந்த இடத்தில?”

“வவுனியாவில.”

“வவுனியாவில எங்க?”

ஒரு வீதியின் பெயரைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. மீனுக்குத் திரும்பினார், ஆனால் இருக்கையை மாற்றிப்போட்டு என்னைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். ஜெனிற்றா என்னை விட்டுவிட்டு வாடிக்குள் போய்விட்டார்.

வேலையைத் தொடங்கினேன். பனையடியில் ஒன்று, நடந்து இன்னொன்று, மீண்டும் நடந்து இன்னொன்று. இருபது படம் எடுத்திருப்பேன். திடீரென்று என் கமராவின் வாரை ஒரு கை பிடித்தது. மீன் மணத்தது.

“தம்பி, உங்கட உதடு அசையுது.”

எனக்கு விளங்கவில்லை.

“ஒவ்வொரு தரமும் பன்னிரண்டு அடி வைக்கிறியள். ஒரு அடி கூடேல்லை, குறையேல்லை. எண்ணிப்போட்டுத்தான் நிக்கிறியள். ஸ்டூடியோக்காரன் என்னத்துக்குக் கரையை அளக்கிறான்?”

நான் வைக்கும் ஒரு எட்டு இரண்டரை அடி நீளம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் காணி அளக்கும் சங்கிலி பிடிக்கப் போனபோது பழகியது. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நான் எண்ணிக்கொண்டுதான் நடப்பேன். அது எனக்கே தெரியாமல் நடக்கும் காரியம். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் இப்படி அகப்பட்டிருக்க மாட்டான்.

வாடியோரம் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் எழும்பி வந்தார்கள். பிலோமினா கமராவைக் கழற்றி எடுத்துவிட்டார். ஏதோ ஒரு பொத்தானை அமத்தினார், அது என்னையே ஒரு படம் எடுத்தது. ஜெனிற்றா ஓடி வந்தார். என்னைப் பொய் சொல்லச் சொன்னது தான்தான் என்றார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது.

“நீயும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பொய் சொல்ல வைக்கிறாய், என்ன?” என்று பிலோமினா அவரிடம் பாய்ந்தார்.

நான் உண்மையைச் சொன்னேன். என் தொழில், பத்தொன்பது வருடம், எல்லாம். கம்பனியை எனக்குத் தெரியாது என்றேன். பயமாக இருந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பயத்தைவிட வெட்கம் கூடுதலாக இருந்தது. கணக்காகச் சந்தேகப்படும் ஒரு மனுஷியிடம் கணக்கில்லாத பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டேனே என்று.

“அப்ப சொல்லுங்கோ,” என்றார் பிலோமினா. “இந்தப் படம் எடுக்கிற விளையாட்டால எனக்கு என்ன பலன்?”

அவர் கையிலிருந்த கமராவின் திரையில் இருபது படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பனைக்கு முன்னால் நின்றால் வெறும் மணல். பன்னிரண்டு அடி தள்ளினால் ஒரு பந்தலின் மூலை. இன்னும் பன்னிரண்டு அடி தள்ளினால் அவரே கத்தியோடு இருக்கிறார். ஒரே பனை எல்லாவற்றிலும் நிற்கிறது. “அவங்கள் ஒரு இடத்தில நிண்டு ஒருக்காப் பாத்தவங்கள், அக்கா. இது நடந்து பாக்கிறது.”

அவர் இருபதையும் திரும்ப ஒருமுறை பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் கத்தியைக் கீழே வைத்தார்.

“நாளைக்கும் வாங்கோ. ஞாயிறு இஞ்ச ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை. பூசை முடிஞ்சு வந்தால் எல்லா வள்ளமும் கரையில நிக்கும். அதையும் எடுங்கோ. ஆனால் கமரா இண்டைக்கு என்னோட நிக்கும்.”

கமராவை விட்டுவிட்டு வந்தேன். அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அது என் ஒன்றரை மாதச் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணி. கரை முழுக்க வள்ளம். நீலம், சிவப்பு, மஞ்சள், முகப்பில் சிலுவையும் புனிதர்களின் பெயர்களும். வெள்ளைச் சட்டையோடு பூசையிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களின் விளிம்பில் உட்கார்ந்து கதைத்தார்கள். பிலோமினா கமராவை ஒரு வெள்ளைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். இந்த முறை நான் எண்ணக் கூடாது என்பது அவருடைய கட்டளை. எண்ணாமல் நடக்க என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். நடந்துகொண்டே அவரோடு கதைக்க வேண்டியிருந்தது. நேற்றைய இருபது, இன்றைக்கு நாற்பத்தொன்று.

மதியம் ஜெனிற்றா அச்சடித்துக் கொண்டுவந்தார். வாடிக்குள் ஒரு பழைய கதவை மேசையாகப் போட்டோம். நான் அடுக்கத் தொடங்கினேன், ஆனால் பத்து நிமிடத்தில் பிலோமினா அடுக்குபவராகவும் நான் பசை பூசுபவனாகவும் ஆகிவிட்டோம். நேற்றைய வெறும் மணலை நடுவில் வைத்தார். அதன் வலது விளிம்பில் இன்றைய வள்ளங்களை ஏற்றினார். இடது விளிம்பில் பந்தல்கள். மீன் வெட்டும் பிலோமினா, உப்பள்ளும் பிலோமினா, பந்தலில் மீனைத் திருப்பிப்போடும் பிலோமினா, பூசைச் சேலையில் பிலோமினா. கம்பனிக்காரர் காட்டிய மணல் நடுவில் அப்படியே இருந்தது, சுற்றிவர எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் அதற்குள் வந்துகொண்டிருந்தார்கள். என் பத்தொன்பது வருடத் தொழிலில் இவ்வளவு சரியான படத்தை நான் வரைந்ததில்லை. அதை அந்த இடத்திலேயே ஜெனிற்றாவிடம் சொன்னேன்.

அறுபத்தோராவது படத்தை ஒட்டி முடித்தோம். பிலோமினா இன்னொன்றை எடுத்தார். நேற்று அவர் தவறி எடுத்த படம். மணலில் ஒரு காலைத் தூக்கியபடி, வாயைப் பாதி திறந்தபடி நான்.

“இது வேண்டாம், அக்கா.”

“இருக்கட்டும். ஆர் எடுத்தது எண்டு கேட்டால் காட்டோணும்.” மணலின் ஓரத்தில் என்னை ஒட்டினார். பிறகு முழுப் படத்தையும் கவிழ்த்து, பேனையை நீட்டினார். “பின்னால எழுதுங்கோ. பெயர், ஊர், தொழில். ரெண்டு நாளும் இஞ்ச நிண்டு கண்ணால கண்டது எண்டும் எழுதுங்கோ.”

என் முதலாளி இப்படிப்பட்ட கம்பனிகளுக்கும் அளந்து கொடுப்பவர். அதைச் சொன்னேன்.

“வெறுங்காணி எண்டு படத்தில எழுதுறது ஆர், தம்பி?”

“சேர் குறிச்சுக்கொண்டு வருவார். நான் எழுதுவன்.”

“நீங்கள் போய்ப் பாக்கிறேல்லையோ?”

“இல்லை.”

“இதுவரைக்கும் எத்தனை எழுதியிருப்பியள்?”

“எண்ணேல்லை, அக்கா.”

“நடக்கிற அடியை மட்டும் எண்ணுறியள்,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது போதும். பெயரையும் ஊரையும் எழுதினேன். தொழில் என்ற இடத்தில், நில அளவைப் படம் வரைபவர் என்று முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். கமராவுக்குள் இருந்த, படங்கள் பதியும் சிறிய அட்டையை அவர் கழற்றிச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டார். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை.

மாலை நாலரை பஸ்ஸில் திரும்பினேன். படிக்கப் போனதைப் படித்துவிட்டேன், காட்ட ஒரு படமும் கையில் இல்லை. ஜெனிற்றா என்னைப் பயன்படுத்திக்கொண்டாரா என்ற கேள்விக்குப் பதில் ஆம் என்றே இன்றும் நினைக்கிறேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

புதன்கிழமை பின்னேரம் அவர் தொலைபேசியில் பேசினார். கந்தோர் அதிகாரி படத்தைப் பார்த்துச் சிரித்தாராம், ஒரே வள்ளம் மூன்று இடத்தில் நிற்கிறது, இது என்ன படம் என்று. பிறகு கவிழ்த்துப் பின்னால் எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தாராம். முடிவு எதுவும் சொல்லவில்லை. தாங்களே கரைக்கு வந்து பார்ப்பதாக மட்டும் சொல்லியிருக்கிறார்கள். பிலோமினா ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை என் மேசையில் ஒரு புதிய குறிப்புக் கிடந்தது. வன்னிப் பக்கம் ஏதோ ஒரு குளக்கரை. நாலு பக்க அளவுகளும் சுத்தமாக இருந்தன. நடுவில் முதலாளியின் கையெழுத்தில் அதே சொல், ‘வெறுங்காணி’. பேனையை எடுத்தேன், வைத்தேன், எழுந்து அவருடைய அறைக்குப் போனேன்.

“சேர், இந்தக் காணிக்கு எத்தனை மணிக்குப் போனனீங்கள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.