எடுக்காத ராணி

மாமா பினாங்கில் ஒரு மின்சாரச் சாமான் கம்பெனியில் வேலை செய்தவர். எண்பதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு, செஸ் விளையாடும் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் எஸ்டேட் வீட்டுக்கு வந்தார். மனுசன் மாதிரியே யோசித்து விளையாடும் என்று பெட்டியில் போட்டிருப்பதாக அவர்தான் படித்துச் சொன்னார். எனக்கு அதைத் தவிர வேறு எதிராளி கிடையாது. ஆகையால் மனிதர்கள் விளையாடுவதும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

காயை எடுக்கும் கட்டத்தில் ஒரு அழுத்து, வைக்கும் கட்டத்தில் ஒரு அழுத்து. கீச்சென்று சத்தம் வரும். பிறகு அதன் ஆட்டத்தைச் சிவப்பு விளக்கு காட்டும். அதன் காயையும் நானே நகர்த்த வேண்டும். அது எதையும் சும்மா கொடுக்காது. வெட்டிக்கொள் என்று ஒரு குதிரையை விட்டால், கொஞ்ச நேரத்தில் என் ராணி போயிருக்கும். இயல்பிலேயே பயந்த பிள்ளையான எனக்கு, சும்மா கிடைப்பதைத் தொடக்கூடாது என்ற அந்தப் பாடம் நன்றாகவே ஏறியது. பள்ளிப் பாடம்தான் ஏறவில்லை.

மறு வருஷம் பள்ளி லீவில், பக்கத்து டவுனான பீடோங்கில், தேவாலய மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். மாமா என் பெயரைக் கொடுத்ததோடு நிற்காமல், கம்ப்யூட்டரையே ஜெயிக்கிற பையன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் அதை ஜெயித்ததே அபூர்வம். அவர் மானம் என் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் அன்று காலை எனக்குப் பசியாறவும் முடியவில்லை.

எதிரே உட்கார்ந்தவர் பாக்கார் ஆராங்கில் டாக்சி ஓட்டும் ஓர் அண்ணன். முதல் காயை எடுத்ததுமே பழக்கத்தில் கட்டத்தை அழுத்தினேன். அது மரப்பலகை. சத்தம் வரவில்லையே என்று இன்னும் பலமாக அழுத்தினேன். காய்களெல்லாம் ஆடின.

"டேய், அது காலிங் பெல் இல்ல லா" என்றான் பின்னால் ஒருவன்.

மண்டபமே சிரித்தது. மாமாவும் கூடச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அதோடு விட்டதா? அண்ணன் தன் குதிரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தபோது, அதை நகர்த்த நானே கை நீட்டிவிட்டேன். மறுபடியும் சிரிப்பு. காது சுட்டது. பலகை கலங்கித் தெரிந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாய் வெட்டுகிற இடத்தில் வைத்தார். நான் தொடவில்லை. ராஜாவைப் பத்திரமாக ஒதுக்கி வைத்தேன். அவர் ராணியை அங்கேயே விட்டுவிட்டு வேறு காயை ஆடினார். அது இன்னும் பெரிய பயமாக இருந்தது. கடைசியில், வேறு வழியில்லாமல் அவர் ஜெயித்தார்.

கை கொடுக்கும்போது, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி, "ராணிய ஏன் தம்பி எடுக்கல?" என்றார்.

"எடுத்தா நீங்க என்னமோ செஞ்சிடுவீங்கன்னு..."

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன் லா."

தோற்றவனைக் கேலி செய்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் அந்த ஆட்டத்தை மெஷினில் அப்படியே அடுக்கி, என் பக்கத்தை அதனிடம் கொடுத்தேன். அது கொஞ்சமும் தயங்காமல் ராணியை எடுத்தது. அண்ணனின் காய்களை வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தோற்றேன். மெஷினையே ஏமாற்றுகிற அளவுக்கு ஏதோ ஒரு பொறி வைத்திருக்கிறார் என்று, அந்த லீவு முடியும்வரை அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.