மூன்று மாதத்துக்கான பெட்ரோல்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டியவன் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இளவட்டமாக இருந்தபோது ஒரு முறை சைக்கிளோடு கண்மாய்க்குள் இறங்கினேன், அதோடு சரி. எங்கள் வீட்டில் வண்டி என்றால் அது என் மனைவியின் மொபெட். காலையில் என்னைச் சிவகாசியில் அச்சக வாசலில் இறக்கிவிட்டு, அவள் நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போவாள். சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வாள். கட்டிங் மெஷினில் என்னோடு நிற்பவர்கள் எனக்குப் 'பின்சீட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தால் வைத்துவிட்டுப் போகிறார்கள். வெயிலில் நடந்து வந்தவர்கள் அவர்கள்தான், நான் இல்லை.

போன வருஷம் சீசன் முடிகிற நேரத்தில், கண்ணுக்குள் கறுப்பாக நூல் ஓடுகிறது என்றாள். சரவெடி பின்னுகிறவள், நாளெல்லாம் திரியையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். பத்து நாள் கழித்து, எதிரே வந்த லோடு வண்டியை அது ஹாரன் அடித்த பிறகுதான் பார்த்தாள். ஓரமாக நிறுத்திவிட்டு, "ஏங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க" என்றாள். அன்றைக்கு அந்த வண்டியை வீடு வரைக்கும் நான் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சர்க்கரை. மதுரையில் கண் டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். உள்ளே ரத்தம் கசிந்து நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, வெளிச்சம் தெரிகிற அளவை வேண்டுமானால் காப்பாற்றலாம் என்றார். வெளியே வந்தேன். கண்ணில் மருந்து விட்டுப் பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "எம்புட்டு நாளாகுமாம்?" என்று கேட்டாள்.

"மூணு மாசம்" என்றேன்.

ஏன் மூன்று என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாயில் வந்தது அதுதான். பஸ்ஸில் வரும்போது அவள் நிம்மதியாக என் தோளில் தூங்கினாள். நான் சாத்தூர் வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாளே அவளுக்கு வண்டி ஞாபகம் வந்துவிட்டது. சும்மா நின்றால் கெட்டுப்போகும், மெக்கானிக்கிடம் கேட்டுப் பக்குவமாக நிறுத்தி வையுங்கள் என்று பிடுங்கி எடுத்தாள். போனேன்.

"எம்புட்டு நாளைக்கு நிப்பாட்டப் போறீக அண்ணாச்சி?" என்றார் மெக்கானிக். "மூணு மாசம்னா டாங்க்க நிறைய நிரப்பி, அதோட ஸ்டாண்டுலயே நிறுத்திருங்க. வாரத்துக்கு ஒருக்கா வீல உருட்டி விட்டாப் போதும். வருசக்கணக்குன்னா அது வேற. பெட்ரோல ஒரு சொட்டு விடாம வடிக்கணும். கார்புரேட்டரையும் வடிக்கணும். ரெண்டு வீலும் தரையில படாம தனி ஸ்டாண்டுல தூக்கி வைக்கணும்."

எந்தக் கேள்விக்குப் பயந்து மதுரையிலிருந்து ஓடி வந்தேனோ, அதே கேள்வியை கிரீஸ் கையோடு இந்த ஆளும் கேட்கிறார். "மூணு மாசந்தான். ஆனா தனி ஸ்டாண்டே போட்டுருவோம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்டு அடிக்கச் சொன்னேன். உறுதியாகத்தான் அடித்துக் கொடுத்தார்கள். அதை வாசலில் கொண்டுவந்து போட்டதும், உள்ளே இருந்தவள் சத்தத்தைக் கேட்டு அலறிவிட்டாள்.

"இரும்பா? வண்டிக்கு அடியில இரும்பக் குடுத்து இரும்போட உரச விடுவீகளா?"

கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவள் கம்பெனி ரூமுக்குள் போவாள். அங்கே தட்டுவதற்கு மரச்சுத்தி, குத்துவதற்குப் பித்தளைக் கம்பி. இருபது வருஷமாக இரும்பும் இரும்பும் மோதினால் பொறி பறந்து மருந்து பற்றிக்கொள்ளும் என்று பயந்தே பழகியவள் இருக்கிற வீட்டுக்குப் பெட்ரோல் வண்டியைத் தூக்கி வைக்க இரும்பைக் கொண்டுவந்தவன் நான். "இது கம்பெனி இல்ல, வீடு" என்று வாதாடிப் பார்த்தேன். "எனக்குக் கண்ணு தெரியல. அது உரசுறது மட்டும் காதுல கேட்டுக்கிட்டே கெடக்கணுமா?" என்றாள்.

இரும்பு ஸ்டாண்டு பட்டறைக்கே திரும்பிப் போனது. அச்சகத்துக்குப் பேப்பர் லோடு வந்திறங்கும் பலகைகள் பின்கட்டில் கிடக்கும். முதலாளியிடம் கேட்டு நாலைந்தை வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து, குட்டையாக ஒரு மர ஸ்டாண்டு செய்து வாங்கினேன். வண்டியின் அடிப்பாகம் உட்காருகிற இடத்தில் பழைய டியூபை வெட்டி ஒட்டச் சொன்னாள். எல்லாம் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.

"மூணு மாசத்துக்கு எதுக்குங்க தனி ஸ்டாண்டு?"

"மழைத்தண்ணி நிக்கும்ல, அதுக்குத்தான்."

எங்கள் ஊரில் மழைத்தண்ணி நிற்கிற லட்சணம் அவளுக்குத் தெரியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். மண்ணெண்ணெய் துணியால் அவளே வண்டியைத் துடைத்தாள். மட்கார்டின் உள்பக்கம் எங்கே சேறு ஒட்டியிருக்கும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. செயினுக்குக் கிரீஸ் தடவினாள். நான் பிளக்கைக் கழற்றி உள்ளே நாலு சொட்டு ஆயில் விட்டேன், எலி நுழையாமல் சைலன்ஸர் வாயில் துணியை அடைத்தேன். பிறகு சத்தமில்லாமல் பெட்ரோல் குழாயை உருவி கேனுக்குள் விட்டேன். வாசம் அவளுக்குப் போய்விட்டது.

"எதுக்கு வடிக்கிறீக? மூணு மாசம்னா நிரப்பித்தான வைக்கணும்? நான் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் தள்ளி, நான் இல்லாத இடத்தைப் பார்த்து. "பழைய பெட்ரோலு, அதான்" என்று சொல்லிவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு நடந்தேன். வாங்கி வந்து ஊற்றும்போது புனலை அவள்தான் பிடித்துக்கொண்டாள். கழுத்து வரைக்கும் நிரம்பியதும் விரலை விட்டுப் பார்த்து, போதும் என்றாள்.

அந்த மூன்று மாதத்தில் இருக்கன்குடி அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினோம். மதுரையில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பெட்ரோல் புளித்துப்போனது. வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். "டாக்டரு இன்னும் மூணு மாசம்னு சொல்றாரு" என்றேன். அடுத்த தடவையும் அதையேதான் சொன்னேன். ஆயிரம் தாளை ஒரே வெட்டில் நேராக வெட்டத் தெரிகிற எனக்கு, இந்த ஒரு விஷயத்தை வெட்டிப் பேச வாய் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

போன வாரம் நாலாவது தடவை. வடித்து முடித்துவிட்டுப் புதுக் கேனின் மூடியைத் திறந்தேன். புனலுக்காகக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இந்தத் தடவ ஊத்த வேண்டாங்க."

"ஏன்? இன்னும் மூணு மாசந்தான..."

"வடிச்சதோட இருக்கட்டும்."

அவளை ஏமாற்றுவதாக நினைத்து ஒரு வருஷம் ஓட்டியவன் நான். இப்போது அவள் ஊற்ற வேண்டாம் என்கிறாள், எனக்குத்தான் ஊற்றியே ஆக வேண்டும் போலிருந்தது. "கொஞ்சமாவது ஊத்துறேன்" என்று கெஞ்சினேன். உண்மையாகவே கெஞ்சினேன்.

அவள் சீட்டின் மேல் வைத்திருந்த டாங்க் மூடியைத் தடவி எடுத்து, காலி டாங்கின் வாயைக் கையால் தேடி, இறுகும் வரை திருகி மூடினாள்.