புது கேமராவில் தெரிந்தவர்

கண்ணாடி மேசைமேல் இரண்டு கேமராக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒன்று, பிடித்துப் பிடித்து ரப்பர் வழவழத்துப்போன பழையது. மற்றது, சென்னையில் வாடகைக்கு எடுத்துவந்த புதியது. சின்ன காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் உரிமையாளரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். படம் எடுப்பது அவர். கம்ப்யூட்டரில் திருத்துவது நான். கேமராவின் பாடியை மட்டும் மாற்றலாமா என்று அவர் வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்தார். லென்ஸில் குறையில்லை. இருட்டான இடங்களில்தான் பழைய பாடி தடுமாறியது. மணல் தூவியதுபோல் படமெங்கும் புள்ளி விழும். "ரெண்டுலயும் ஒரே எடத்த எடுத்துப் பாப்போம்மா. வித்தியாசம் தெரிஞ்சா வாங்கலாம். இல்லன்னா எதுக்கு?" என்றார்.

அன்று ஒரு பட்டுக்கடைக்காக, அடுத்த தெருவில் நெய்யும் ஓர் அக்கா வீட்டில் புடவைப் படங்கள் எடுத்தோம். அக்காவின் கணவர் சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், ஓரிக்கைப் பக்கம் பாலாற்றுக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பியவர், திரும்பவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை. அக்கா நெற்றிக் குங்குமத்தை விடவில்லை. வீட்டில் இரண்டு தறிகள். முன்னால் இருந்ததில் அக்கா நெய்வார். வெளிச்சம் எட்டாத பின்மூலையில் கணவரின் தறி சும்மா கிடந்தது. முன் தறியில் புடவையை விரித்து, ஒரே லென்ஸை மாற்றிப் பொருத்தி, இரண்டு பாடியிலும் அண்ணன் எடுத்தார்.

ஸ்டுடியோவுக்கு வந்து இரண்டு படங்களிலும் இருட்டான பகுதியை வெளுக்கவைத்துப் பார்த்தேன். பழையதில் பின்மூலை வெறும் புள்ளிக்காடு. புதியதில் அந்த மூலை மெல்லத் திறந்துகொண்டது. தறியின் மரம், தொங்கும் கயிறு, பிறகு தறிக்குழியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள். தோள், கழுத்து, ஒரு பக்கத்துக் காது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. அக்கா நின்ற பக்கம் திரும்பியிருந்தார். என் கை மவுஸைவிட்டுத் தானாக விலகியது. அந்த வீட்டில் அப்போது அக்காவும் நாங்கள் இருவரும் தவிர யாருமே இல்லை.

புடவை மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வந்த அக்கா, எப்போது பின்னால் வந்து நின்றார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் அழவில்லை. "உசுரோட இருக்கறவங்க இப்படி வந்து ஒக்காருவாங்களாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"நெழலா இருக்கும்மா," என்றார் அண்ணன்.

"நெழலுக்குக் காது இருக்குதா?"

வாடகை கேமரா திரும்பிப் போய்விட்டது. அக்காவோ ஸ்டுடியோ பக்கம் வரும்போதெல்லாம், "புதுசு வாங்கிட்டியாப்பா? இன்னொரு வாட்டி எடுத்துப் பாரு. இருக்காரா இல்லையான்னு எனக்கு ஒரு முடிவு தெரியணும்," என்று கேட்டுக்கொண்டு நிற்பார். அண்ணனுக்குப் புள்ளியும் வெளிச்சமும் மறந்தே போயின. "வாங்கறதுக்கும் பயமா இருக்குதும்மா. வாங்காம அவங்க மொகத்தையும் பாக்க முடியல," என்றார் என்னிடம்.

கடைசியில் வாங்கினார். அதே இடம், அதே காலை வெளிச்சம். இந்த முறை லேப்டாப்பையும் கொண்டுபோய் அங்கேயே படத்தை வெளுக்கவைத்தேன். தறிக்குழி காலியாக இருந்தது. உட்காரும் பலகைமேல் தூசி மட்டும். அக்கா தறிக்காலைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னை ஒரு படம் எடுப்பா," என்று தன் தறியருகே போய் நின்றார்.

ஸ்டுடியோவில் அந்தப் படத்தைத் திறந்தபோது, அக்காவின் முகத்தை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததேயில்லை என்று தோன்றியது. அவருக்குப் பின்னால் ஒரே கறுப்பு. பழக்கத்தில் அதை வெளுக்கவைக்கப் போனேன். அண்ணன் சட்டென்று எழுந்துவந்து, "வேணாம்மா. அப்படியே பிரிண்ட் போடு," என்றார்.

அண்ணன் இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். ஸ்டுடியோவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இருண்ட மண்டபங்களில்கூட அந்த கேமரா தெளிவாக எடுக்கிறது. வாங்கியது வீண் என்று சொல்லமாட்டேன். அக்கா தறியருகே நின்ற அந்தப் படத்தின் ஃபைல் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நான் தொட்டதில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மத்த படத்துலல்லாம் நான் தனியா நிக்கற மாதிரி இருக்கும்மா. இதுல மட்டும் அப்படி இல்ல."