நீலப் பாவாடைக்குக் கஞ்சி

போன சனிக்கிழமை செங்காங் கடையொன்றில், துணிக்குத் தெளிக்கும் கஞ்சி ஒரு புட்டி வாங்கினேன். வீட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் எழுந்த ஆவியில் ஆறுமுகம் மாமா நினைவில் வந்து நின்றார். சட்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் பழைய நாட்குறிப்பை எடுத்தேன். சிரிக்காதீர்கள், ஒன்பது வயதிலிருந்தே எனக்கு இந்த நாட்குறிப்பு எழுதும் வியாதி.

மாமாவுக்கு டன்லப் ஸ்திரீட்டில் சலவைக் கடை. எங்கள் தமிழ்ப் பள்ளி ஊரார் சேர்ந்து நடத்தியது. கடைக்காரர்கள் மேசை கொடுத்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் விடுமுறையில் வந்து கூரை மாற்றினார்கள். மாமா சனிக்கிழமைதோறும் எல்லாப் பிள்ளைகளின் சீருடையையும் வாங்கி, காசில்லாமல் துவைத்து, கஞ்சி போட்டு, ஞாயிறு மாலை மடித்துக் கொடுப்பார். முதலாளி பிள்ளைக்கும் அப்பா இல்லாத பிள்ளைக்கும் ஒரே விறைப்பு. எனக்குக் கழுத்தை அறுக்கும்.

"ஒனக்குத்தான் புள்ளகுட்டி இல்லையே, எதுக்குய்யா இந்தப் பாடு?" என்று பக்கத்துக் காப்பிக் கடைக்காரர் சீண்டுவார்.

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரில படுத்தா, மருந்துச்சீட்டப் படிச்சு ஊசி போடுறது யாரு? உன் காப்பிக் கெண்டியா?"

அப்பா பள்ளிக் குழுவின் செயலாளர். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். அப்பா மாமாவை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "ஒரு புள்ளயக்கூட நம்ம பள்ளிக்கூடத்துலேருந்து எடுத்துடாதீங்க," என்பார் அப்பா. " எல்லாருக்கும் சேர்த்துத்தான் பள்ளிக்கூடம்." சில வீட்டு வாசல்களில் நானும் பெருமையாக நின்றிருக்கிறேன்.

அந்த டிசம்பரில் அப்பா என்னை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். "யார்ட்டயும் சொல்லாத, பாப்பா." சொல்லவில்லை. ஆனால் பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, கைப்பழக்கத்தில், அம்மா என் புதுச் சீருடையைச் சலவைக்கு அனுப்பிவிட்டார். எங்கள் பள்ளிச் சீருடை வெள்ளை. இது நீலப் பாவாடை.

ஞாயிறு மாலை போனேன். பாவாடையிலும் வழக்கமான கஞ்சி, வழக்கமான மடிப்பு.

"இது உன்னுதா, பாப்பா?"

"ஆமா, மாமா."

"போன வாரங்கூட உங்கப்பாவும் நானும் மார்சிலிங் வரைக்கும் போனோம் லா. முத்தையா பொண்டாட்டி அழுதுச்சு. மகன எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுச்சு." பாவாடையை என் கையில் வைத்தார். "அந்தப் பொம்பளைக்கு இனி நான் என்ன சொல்ல?"

வீட்டில் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் நாளிதழைத் தாழ்த்தவில்லை. "உனக்காகத்தானே செஞ்சேன்" என்றார். அந்த ஞாயிறுக்கு என் நாட்குறிப்பில் உள்ளது இவ்வளவுதான்: "மழை. துணி வாங்கி வந்தேன். சரியாக இருந்தது."

அடுத்த ஆண்டு பள்ளியை மூடினார்கள். முத்தையாவின் மகன் கடைசி நாள்வரை அங்கேதான் படித்தான். மாமாவும் கடைசி வாரம்வரை கஞ்சி போட்டார்.

சலவைக் கடை இருந்த இடத்தில் இப்போது பயணிகள் விடுதி. அதன் பின்சந்தில் அந்தக் காலத்தில் ஞாயிறு காலைதோறும் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் காயும். எது யார் வீட்டுப் பிள்ளையுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கொடியிலிருந்து பள்ளியின் கடைசி ஆண்டில் முதலில் காணாமல் போனது என் சட்டை.