அப்பா கட்டிய அளவு

வளர்ந்துவரும் முஸ்லிம் நாடுகளின் பொருளாதாரத்தில் கட்டுமானத் தொழிலின் பங்கு பற்றித்தான் என் முதுகலை ஆய்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவளே நான் ஒருத்திதான். ஆய்வில் தேறிய அன்று அம்மாவைப் பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனேன். ஒரு கட்டடம் எழும்பினால் சீமெந்து, லொறி, சாப்பாட்டுக்கடை என்று நாடே எழும்பும் எனப் பெருமையோடு விளக்கினேன்.

அம்மா ரோல்ஸைப் பிய்த்தபடி கேட்டார்: "கொப்பா விழுந்த கட்டடம் முழுசா எழும்பிட்டுதோ, பிள்ளை?"

வளைகுடாவில் கட்டட வேலையின்போது சாரம் சரிந்து விழுந்து அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. அந்தக் கட்டடத்தை ஆய்வின்போது தேடிப் பார்த்திருந்தேன். அம்மாவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லையம்மா. கொம்பனி முறிஞ்சு, வேலையை அப்பிடியே விட்டிட்டாங்கள். பாதியிலை நிக்குது."

கைபேசியில் படத்தைக் காட்டினேன். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த தளங்களை அம்மா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப இதிலை நிக்கிறது முழுக்க அவரும் கூட்டாளியளும் கட்டினதுதான். வேறை ஒருத்தரும் கை வைக்கேல்லை," என்றார். "எனக்கு அனுப்பிவிடு."

என் ஆய்வில் அந்தக் கட்டடத்துக்கு இடமில்லை. அது எந்த நாட்டையும் வளர்க்கவில்லை. அதை அம்மாவுக்கு அனுப்பும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.