ஊரில எவ்விடம்?

மெல்பேர்னில் ஒரு நோட்டீசில் உரிமை என்ற சொல் இருந்தால், பேச்சாளர்களில் கணேசலிங்கத்தின் பெயரும் இருக்கும். அகதிகளுக்கு நிரந்தர விசா கேட்ட ஊர்வலங்களில் மழையிலும் பதாகை பிடித்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்த பெடியன்களைப் பார்க்க மல்கிரேவிலிருந்து சிட்னிக்குக் காரோடிப் போனவர். எழுபத்து மூன்று வயதில் யார் இவ்வளவு செய்வார்கள்? சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். அதுதான் எரிச்சல்.

ஒரேயொரு பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. புதிதாக ஒரு யாழ்ப்பாணத்தவரைக் கண்டால் பெயரைக் கேட்பார், ஊரைக் கேட்பார், பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஊரில எவ்விடம்?" என்பார். ஊரின் எந்த மூலை என்று தெரிந்தால் என்ன சாதி என்று தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே காரியம் முடியும். வாயும் சுத்தம், மனமும் சுத்தம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மகள் நிரஞ்சினி விரும்பிய விஜிதரன் தன் தாய் குணவதியோடு பெண் கேட்டு வந்தான். சொந்தக்காரர் பத்துப் பேர் ஹோலில் இருந்து சீனக் கோப்பைகளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கணேசலிங்கம் சிரித்த முகத்தோடுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். குணவதியும் மறைக்காமல் இடத்தைச் சொன்னார். கணேசலிங்கம் எழும்பிக் குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மனைவி வசந்தினி தலையைக் குனிந்தபடி தட்டோடு வந்தார். தாய்க்கும் மகனுக்கும் மட்டும் தேத்தண்ணி பேப்பர் கப்பில் வந்தது.

நிரஞ்சினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கலியாணப் பேச்சு அன்றோடு முடிந்தது. அடுத்த மாதமே அவள் வேலையை மாற்றிக்கொண்டு சிட்னிக்குப் போனாள். விஜிதரன் போன வருடம் வேறு கலியாணம் செய்துகொண்டான். மகள் தாயோடு மட்டும்தான் கதைப்பாள். அந்த வீட்டில் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் கணேசலிங்கம் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். பாவம்தான், ஆனால் தேடிக்கொண்டது.

போன கிழமை அவள் அதிசயமாகத் தாயிடம் ஃபோனைத் தகப்பனிடம் கொடுக்கச் சொன்னாள். கிளேட்டனில் நடக்கப்போகும் கூட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது. அறுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் கோயில்களுக்குள்ளும் தேநீர்க்கடைகளுக்குள்ளும் போகும் உரிமைக்காக நடந்த போராட்டத்தை நினைவுகூரும் கூட்டம். கணேசலிங்கம் பேசுகிறார். சின்ன வயதில் தகப்பனோடு கோயில் வாசலில் மறியல் இருந்த குணவதியும் பேசுகிறார்.

"அப்பா, அன்ரியிட்ட எல்லாருக்கும் முன்னால சொரி சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு எனக்கு ஃபோன் அடியுங்கோ. நான் எடுப்பன்."

"ஓம் பிள்ளை, கட்டாயம்," என்றார். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தார். பேச்சின் முதல் பக்கத்திலேயே எழுதியும் வைத்தார். வீட்டிலிருந்து ஒரு சீனக் கோப்பையைத் துவாயில் சுற்றி எடுத்துப் போனார்.

கூட்டத்தில் குணவதி முதலில் பேசினார். ஐந்து நிமிடம்தான். "எங்கட அப்பாவுக்குத் தேத்தண்ணிக் கடையில தனித் தகரப் பேணி. வெளிய ஆணியில தொங்கும். குடிச்சிட்டு அவரே கழுவித் திரும்பக் கொழுவ வேணும். நான் பக்கத்தில நிண்டு பார்த்திருக்கிறன்," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்தார்.

கணேசலிங்கம் மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் அந்தப் பத்துச் சொந்தக்காரரில் நாலு பேர் இருந்தார்கள். முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி வைத்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து வாசித்தார். சமத்துவம், போராட்டம், தியாகம் எல்லாம் வந்தன. கைதட்டலும் வந்தது.

இடைவேளையில் சீனக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, மூலையில் நின்ற குணவதியிடம் கொண்டுபோனார்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

குணவதி கோப்பையை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை ஆற அமரக் குடித்தார். பிறகு மண்டபத்துக் குசினிக்குப் போய், கோப்பையைத் தானே கழுவித் துடைத்து, கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"அண்டைக்குப் பத்துப் பேருக்கு முன்னால எவ்விடம் எண்டு கேட்டனீங்கள், அண்ணை. இண்டைக்கும் மைக் உங்கட கையிலதான் இருந்தது. போயிட்டு வாறன்."

கணேசலிங்கம் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் கன நேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அடித்தால் மகள் எடுப்பாள். எடுத்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள். கூட்டத்தை நடத்திய பல்கலைக்கழகப் பெடியன் கபிலன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான்.

"சூப்பர் ஸ்பீச், அங்கிள். அடுத்த வருசமும் நீங்கள்தான் பேச வேணும்."

கணேசலிங்கம் ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஓம் தம்பி, வாறன்," என்றார்.