யோகன் அண்ணையின் கறுப்பு

யோகன் அண்ணை வேலைக்கு வரும் வழியில், பஸ்ஸிலேயே மாரடைப்பில் போய்விட்டார் என்று முதலாளி வந்து சொன்னபோது நான் முள்ளங்கி துருவிக்கொண்டிருந்தேன். கேட்ட பிறகும் துருவி முடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் மல்வேர்ன் பகுதியில் அவரை அறிந்த உங்களில் பலருக்கு எங்கள் வேலை என்னவென்று தெரியாது. பழைய ஜப்பானிய உலோகப் பொருட்களைத் திருத்தும் சிறிய பட்டறை அது. செம்பில் சிறிது தங்கம் கலந்த தகட்டை முள்ளங்கிச் சாற்றில் தோய்த்து, செம்புக் களிம்பு கரைத்த நீரில் கொதிக்கவிட்டால், காகத்தின் இறகு போல நீலம் ஓடும் கறுப்பு வரும். அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு.

வந்த முதல் வாரம், வாளின் கைப்பிடிக்கு முன்னால் பூட்டும் வட்டத் தகடு ஒன்றை அண்ணையிடம் துடைக்கக் கொடுத்தார்கள். பொன்னில் நாரை பதித்த கறுப்புத் தகடு. மனுசன் வீட்டிலிருந்து பழப்புளி கொண்டுவந்து, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்துப் பளபளவென்று மேசையில் வைத்தார். ஜப்பானியரான முதலாளி கதிரையில் இருந்துவிட்டார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"கறுத்துப்போய்க் கிடந்தது, பாக்கப் பாவமா இருந்தது" என்றார் அண்ணை. இதை எந்த இங்கிலீஷில் சொல்வது? தகட்டை மறுபடி கறுப்பாக்கும்வரை முதலாளியோடு அவரும் அடுப்படியில் நின்றார். அதன்பிறகு புதிதாக வந்த யார் துணியைக் கையில் எடுத்தாலும் ஓடிவருவார்: "உது ஊத்தை இல்லைப் பிள்ளை, நிறம்."

ஊரில் போர் முடிந்த அந்த வைகாசியில், அதை நிறுத்தச் சொல்லி எங்கள் சனமெல்லாம் இங்கே நகரத் தெருக்களில் நின்றது. அண்ணை போகவில்லை. வன்னியில் அகப்பட்டிருந்த தம்பியிடம் இருந்தது பட்டறையின் நம்பர் மட்டும்தான். மணி கேளாமல் போய்விடும் என்று மினுக்கும் மோட்டரையும் போடமாட்டார், எல்லாம் கைவேலை. சாப்பாடும் தொலைபேசிக்குப் பக்கத்தில், தனியே. சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். தொலைபேசி அடிக்கவில்லை. தம்பிக்குக் காரியம் செய்யச் சொன்னவர்களோடு அவர் கதைப்பதை விட்டார். கடைசியில் கதைக்க நான் ஒருத்திதான் மிஞ்சினேன். என்னிடமும் ஒன்றைத்தான் சொல்வார்: "அவன் சோம்பேறி. ஆனா கோல் எடுப்பான்."

செத்தவீட்டுக்கு முதலாளியும் நானும் அவர் குடியிருந்த பேஸ்மென்ற் வீட்டுக்காரரும் வந்தோம். அவ்வளவுதான். வராதவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்.

சென்ற கிழமை தொலைபேசி அடித்தது. போரில் தப்பியவர்களை அடைத்துவைத்திருக்கும் முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் போனில் தம்பி.

"அண்ணை நிக்கிறாரோ?"

"அண்ணை இல்லைத் தம்பி."

"சரி, பிறகு எடுக்கிறன். நாங்கள் எல்லாரும் இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ."

நான் வாய் திறக்குமுன் தொடர்பு அறுந்தது. அண்ணை வெளியே போயிருக்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டார்.

யோகன் அண்ணையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தத் தம்பிதான். அவர் மறுபடி எடுப்பார். அப்போது விளங்கும்படி நான் சொல்ல வேண்டும்.